மூட்டமா, மனசா? பால் நோட்டை வைத்துக் கண்டுபிடிக்கும் வழி

போன மாதம் பால்காரர் கணக்குப் பார்க்க நோட்டை வாங்கினார். தேதிமேல் விரலை வைத்து இறங்கிக்கொண்டே வந்தவர் ஒரு வரியில் நின்றுவிட்டார். "என்னக்கா, இங்க மனசு ரெண்டுன்னு போட்டிருக்கீங்க. பால் தண்ணியா இருந்துச்சா?"

பால் நன்றாகத்தான் இருந்தது. 2019 ஆவணியிலிருந்து அந்த நோட்டின் வலது ஓரத்தில் பால் கணக்கோடு இன்னும் நாலு விஷயம் எழுதி வருகிறேன்: மனசு, தூக்கம், வெளியே போனேனா, வானம். ஒரு நாளைக்கு ஒரு வரி. அடுப்பில் பால் பொங்குவதற்குள் முடிந்துவிடும். வானிலை மாறினால் மனசும் மாறுகிறது, என்ன செய்வது என்று கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது இந்த நோட்டைத்தான். மாத்திரை, தியானம் எல்லாம் அப்புறம். முதலில் எழுதிப் பாருங்கள்.

நான் சேலம் செவ்வாய்ப்பேட்டைக்காரி. அப்பாவுக்கு வெள்ளிப் பட்டறை. என்னைக் கட்டிக்கொடுத்தது ஏற்காட்டுக்கு. வீட்டுக்காரர் நாகலூர் ரோட்டில் ஒரு காப்பித் தோட்டத்தில் ரைட்டர், கணக்கு எழுதுபவர். அம்மா பேட்டையில் தனியாக இருப்பதால் பதினைந்து நாளைக்கு ஒருமுறை இறங்கி ஏறுகிறேன். சேலம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 280 மீட்டர், ஏற்காடு 1,500 மீட்டர். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு, ஆறரை டிகிரி குறையும். ஆக, அடிவாரம் தாண்டி 20 கொண்டை ஊசி வளைவும் முடிவதற்குள் ஏழெட்டு டிகிரி இறங்கிவிடும். கீழே அஸ்தம்பட்டியில் பஸ்ஸில் ஜன்னல் சீட்டுக்காகப் பக்கத்து ஆளிடம் மல்லுக்கு நின்றவர், மேலே ஏற்காடு ஒண்டிக்கடையில் அதே ஆளின் பையை எடுத்துக் கொடுத்து "பாத்து எறங்குங்க" என்பார். இதைப் பார்த்துப் பார்த்து, வெயில் என்றால் கோபம், மூட்டம் என்றால் சோகம், குளிர்ச்சி என்றால் சந்தோஷம் என்று நானும் வாய்ப்பாடு மாதிரி நம்பியிருந்தேன். நோட்டு வேறு மாதிரி சொன்னது.

எழுதும் முறை

மனசை முதலில் எழுதுங்கள். வானத்தைக் கடைசியில். இந்த வரிசை முக்கியம்.

ஏன் என்று சொல்கிறேன். 1983இல் நோர்பர்ட் ஷ்வார்ஸ், ஜெரால்ட் க்ளோர் என்ற இரண்டு உளவியலாளர்கள் அமெரிக்காவில் ஆட்களுக்குப் போன் செய்து, வாழ்க்கை எவ்வளவு திருப்தியாக இருக்கிறது என்று கேட்டார்கள். வெயிலடித்த நாளில் கேட்டால் திருப்தி அதிகம், மழை நாளில் குறைவு. ஆனால் "உங்க ஊர்ல வானிலை எப்படி?" என்று முதலில் விசாரித்துவிட்டுக் கேட்டபோது அந்த வித்தியாசம் காணாமல் போனது. மழையால்தான் மந்தமாக இருக்கிறோம் என்று தெரிந்தவுடன், அதை வாழ்க்கையின் கணக்கில் ஏற்றாமல் விட்டுவிட்டார்கள் போல. பிற்பாடு, பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கர்களின் பதில்களை வைத்து 2013இல் வேறு இருவர் பார்த்தபோது, வாழ்க்கைத் திருப்திக்கும் அன்றைய வானிலைக்கும் சொல்லும்படியான தொடர்பு கிடைக்கவில்லை. அப்படியும் இருக்கிறது. அதனால்தான் சொல்கிறேன், வானத்தைப் பார்த்துவிட்டு மனசுக்கு மார்க் போட்டால் வானத்துக்குத்தான் மார்க் போடுவீர்கள்.

மார்க் ஒன்றிலிருந்து ஐந்துவரை போதும். பத்துவரை வைத்தால் ஆறா ஏழா என்று யோசித்தே காப்பி ஆறிவிடும். மூன்று என்றால் சாதாரணம். தினமும் ஒரே நேரத்தில் எழுதுங்கள். நான் மாலைப் பால் காய்ச்சும்போது. தூக்கத்துக்கு மணிக்கணக்கு, நடுவில் எத்தனை தடவை விழித்தீர்கள் என்பதும். வானத்துக்கு ஒரே சொல்: வெயில், புழுக்கம், மூட்டம், தூறல், அடைமழை, காற்று. செல்போன் காட்டும் டிகிரி வேண்டாம். அது உங்கள் சமையலறை டிகிரி இல்லை.

ஒரு மண்டலம், 48 நாள் எழுதுங்கள். அதற்குள் முடிவுக்கு வராதீர்கள். எழுதி முடித்தபின் வரிக்கு வரி படிப்பதோடு, இன்றைய மனசை நேற்றைய வானத்தோடும் சேர்த்துப் படியுங்கள். பலருக்கு விஷயம் அங்கேதான் பிடிபடும். எனக்குப் பிடிபட்டது வேறு ஒன்று. என் நோட்டில் ஐப்பசியில் மூன்று வரிகள் இப்படி இருந்தன:

மனசு 4. தூக்கம் 7. சந்தைக்குப் போனேன். அடைமழை.
மனசு 4. தூக்கம் 7. பள்ளிக்கூடம்வரை நடந்தேன். மூட்டம்.
மனசு 2. தூக்கம் 8. வீட்டிலேயே. மூட்டம்.

முதலில் நான் மூட்டம் மூட்டம் என்றுதான் வட்டம் போட்டேன். மகள்தான் பார்த்துவிட்டு, "அம்மா, மூட்டம் மேல் வரியிலயும் இருக்கு. கீழ் வரியில மட்டும் இருக்கிறது 'வீட்டிலேயே'தான்" என்றாள். பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தால் அவள் சொன்னதுதான். மூட்டம் என்னை எதுவும் செய்யவில்லை. மூட்டத்தைச் சாக்காக வைத்து நான் போர்வைக்குள் இருந்துகொண்டதுதான் வேலையைக் காட்டியது.

உங்களுக்கு வேறு மாதிரி வரலாம். 2011இல் நெதர்லாந்தில் பதின்வயதுப் பிள்ளைகளையும் அவர்களின் அம்மாக்களையும் வைத்துச் செய்த ஆய்வில் நாலு வகை ஆட்கள் தெரிந்தார்கள்: வெயிலில் மலர்பவர்கள், வெயிலில் வாடுபவர்கள், மழையில் சுருங்குபவர்கள், எதற்கும் அசையாதவர்கள். கடைசி வகையில் ஒருவர் எங்கள் வீட்டில் இருக்கிறார், மாமியார். புயல் வந்தாலும் மூன்றேதான் போடச் சொல்வார்.

சேலத்து வெயிலுக்கு

அக்னி நட்சத்திரம், சித்திரை 21 முதல் வைகாசி 14வரை, எங்கள் பட்டறையில் யாரும் அப்பாவின் எதிரே நிற்க மாட்டோம். கொலுசுக்குப் பற்றவைக்கும்போது தீ ஆடக் கூடாது என்று ஃபேனை நிறுத்திவிடுவார். மேலே தார்சுத் தளம், முன்னால் நெருப்பு. மூன்று மணிக்கு ஒரு கண்ணி விலகினால் போதும், இடுக்கி பறக்கும். வெயிலால் அப்பாவுக்குக் கோபம் என்று ஊரே சொன்னது. அம்மா மட்டும் வேறு கணக்கு வைத்திருந்தார்: "ராத்திரி மொட்டை மாடியில நல்லாத் தூங்கினா மறுநாள் திட்ட மாட்டாரு, பாரு." நோட்டு இல்லாமலே அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது.

தூக்கம் வர வேண்டுமென்றால் உடம்பின் உள்சூடு கொஞ்சம் இறங்க வேண்டும். பகலெல்லாம் வெயில் குடித்த கான்கிரீட் தளம் அந்தச் சூட்டை ராத்திரி முழுக்க நம்மேல் கக்குகிறது. உடம்பு சூட்டை வெளியே தள்ள வழியில்லாமல் புரள்கிறது. மறுநாள் மூன்று மணிக்கு வருவது பாதி முந்தின ராத்திரிக் கோபம். ஆகவே வெயில் காலத்தில் மனசைச் சரிசெய்ய நினைப்பவர்கள் மத்தியானத்தோடு போராடுவதை விட்டு ராத்திரியைக் கவனியுங்கள்.

வெயில் ஏறுவதற்கு முன்பே ஜன்னலை மூடித் திரை போடுங்கள். உள்ளே இருப்பதைவிட வெளிக்காற்று குளிர்ந்தபிறகு திறந்துவிடுங்கள். சேலத்தில் சித்திரையில் அதற்கு ஒன்பது, பத்து மணிகூட ஆகும். ஆறு மணிக்கே திறந்தால் தெருச்சூட்டை வாவென்று அழைத்த மாதிரி. மொட்டை மாடிக்கு வெள்ளை அடியுங்கள், சுண்ணாம்பு போதும். படுக்கப் போவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் வெதுவெதுப்பான தண்ணீரில் குளியுங்கள். ஐஸ் தண்ணீர் வேண்டாம்: தோலில் ரத்த ஓட்டம் சுருங்கிவிடும், சூடு உள்ளேயே நிற்கும். வெதுவெதுப்பில் ரத்தம் தோலுக்கு வந்து சூட்டை விட்டுவிட்டுப் போகும். ஈரத்துண்டைப் பிழிந்து கைகால் மேல் போட்டு ஃபேன் காற்றில் படுப்பது வறண்ட வெயிலில் நன்றாக வேலை செய்யும். கோடை மழைக்கு முந்தின புழுக்கத்தில் செய்யாது, ஈரம் காயவே காயாது.

அந்தப் புழுக்கத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வைகாசியில் நாலு மணிக்கு ஜருகுமலைப் பக்கம் கறுக்கும், காற்று நின்றுவிடும், வேர்வை வழியுமே தவிரக் காயாது. வேர்வை காய்ந்தால்தானே குளிர்ச்சி. எங்கள் குடும்பத்தில் பாகப்பிரிவினைப் பேச்சு அப்படியொரு நாலு மணிக்குத்தான் நடந்தது. மாமா ஒன்று சொல்ல, அம்மா ஒன்று சொல்ல, ஐந்தரைக்கு மழை கொட்டித் தெரு குளிர்ந்தபோது இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. மூன்று வருஷம் இல்லை. அதிலிருந்து வீட்டில் ஒரு சட்டம்: மேகம் கறுத்தால், இடி இறங்கும்வரை பணம், சொத்து, சம்பந்தம் எதையும் பேசக் கூடாது. யாராவது ஆரம்பித்தால் "இடி இடிக்கட்டும்" என்போம். மருமகப் பிள்ளைக்குக்கூடப் புரிந்துவிட்டது.

தண்ணீர் விஷயம் எல்லோருக்கும் தெரியும், யாரும் செய்வதில்லை. உடல் எடையில் ஒன்றரை சதவீதம் நீர் குறைந்தாலே தலைவலி, சோர்வு, சிடுசிடுப்பு வரும். 60 கிலோ ஆளுக்கு அது 900 மில்லி. பேட்டையில் நாலு கடை ஏறி இறங்கினால் போய்விடுகிற அளவு. பதினொரு மணிக்கு ஒரு சொம்பு நீர்மோர், மூன்று மணிக்கு இன்னொன்று. பி.பி. உள்ளவர்கள் உப்பைப் பார்த்துப் போடுங்கள். கோபமாக வாயைத் திறக்கும் முன் மோரைக் குடித்துவிட்டுத் திறப்பது என்று நான் வைத்திருக்கிறேன். பாதி நாள் மோரோடு முடிந்துவிடும்.

மலை மூட்டத்துக்கு

சென்னையில் வேலை செய்யும் என் அக்கா பையன் மார்கழியில் இங்கே வந்து மூன்று நாள் தங்கிவிட்டு, "சித்தி, எனக்கு விண்டர் டிப்ரஷன்" என்றான். குளிர்கால மனச்சோர்வு என்று ஒன்று உண்மையில் உண்டு. 1984இல் நார்மன் ரோசந்தாலும் அவரோடு வேலை செய்தவர்களும் அமெரிக்காவில் அதை விவரித்து எழுதினார்கள். ஆனால் அது குளிர்காலத்தில் பகல் மிகவும் சுருங்கிப்போகிற வடதேசங்களின் நோய். நம் அட்சரேகையில் ஆனி மாத நீண்ட பகலுக்கும் மார்கழிக் குறும்பகலுக்கும் வித்தியாசம் சுமார் ஒரு மணி 20 நிமிடம்தான். அவனுக்கு இருந்தது, ராத்திரி இரண்டு மணிவரை போன், காலை பதினொன்றுவரை கம்பளி.

இருந்தாலும் வெளிச்சம் என்ற பாதி அவன் சொன்னதில் சரி. மூட்ட நாளில் ட்யூப்லைட் எரிகிற அறை நமக்கு வெளிச்சமாகத்தான் தெரியும். கண் பழகிக்கொண்டு ஏமாற்றுகிறது. வெளிச்சத்தை லக்ஸ் என்ற கணக்கில் அளந்தால் அந்த அறை 100 முதல் 300 லக்ஸ்வரைதான். அதே மூட்டத்தில் எட்டு மணிக்கு வாசலுக்கு வந்தால் சில ஆயிரம் லக்ஸ். நல்ல வெயிலில் ஒரு லட்சத்தை எட்டும். விழித்திரையில் பார்ப்பதற்கென்று இல்லாமல், விடிந்துவிட்டது என்று மூளையின் கடிகாரத்துக்குச் சொல்வதற்கென்றே சில செல்கள் இருக்கின்றன. அவற்றுக்கு ட்யூப்லைட் போதாது. அதனால் மூட்டமோ தூறலோ, காலை ஏழரைக்கும் ஒன்பதுக்கும் நடுவில் 25 நிமிடம் வெளியே இருங்கள். குடை பிடித்துக்கொள்ளலாம். நான் பால் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு நானே போய்விடுகிறேன்; பால்காரருக்கும் ஒரு வளைவு மிச்சம். மஃப்ளர் கட்டுங்கள், ஈரக் காலுறையைக் கழற்றுங்கள். காய்கறி நறுக்குவது, தைப்பது எல்லாம் கிழக்கு ஜன்னல் பக்கம் வைத்துக்கொள்ளுங்கள்.

குறிஞ்சி நிலத்துக்குக் கூதிர் என்ற குளிர்காலத்தையும் முன்பனியையும் ஒதுக்கிய பழைய இலக்கணக்காரர்கள் அதைக் காதலர் கூடுவதற்கென்று ஒதுக்கினார்கள். நாலு நாளாகக் காயாத துணி வீச்சமடிக்கிற வீட்டைப் பற்றி அவர்கள் எதுவும் சொல்லிவைக்கவில்லை. அந்த வாடைக்கு மனசை இறக்கும் சக்தி உண்டு என்பது என் அனுபவம். ஒரு அறையை மட்டும் துணிக்கென்று விட்டு, கொடி கட்டி, ஃபேனைப் போட்டுக் கதவைச் சாத்திவிடுங்கள். படுக்கிற அறையில் ஈரத்துணி வேண்டாம். இன்னொன்று, இதைக் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன்: குளிருக்காகக் கரி அடுப்பை மூடிய அறைக்குள் வைக்காதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. காலையில் தலை கனத்து, மந்தமாக, எதிலும் பிடிப்பில்லாமல் எழுந்தால் அது மூட்டத்தின் சோகம் இல்லை, அடுப்பின் விஷம். எழுந்திருக்காமலே போனவர்களும் உண்டு.

எங்கள் வீட்டுக்காரரின் நோட்டு வேறு கதை. அவர் எழுத மாட்டார், நான்தான் அவருக்கும் ஒரு வரி போட்டு வந்தேன். மார்கழி பிறந்ததிலிருந்து ஒன்றும் இரண்டுமாகவே வந்தது. குளிர் ஆகவில்லை போல என்று ஸ்வெட்டர் வாங்கிக்கொடுத்தேன், கஷாயம் போட்டேன். ஒரு வாரம் மட்டும் மூட்டம் இருந்தும் நாலு, நாலு, நாலு. பார்த்தால், அந்த வாரம் களத்தில் காப்பி இல்லை. அடுத்த சுற்று பழம் பறித்து, தோல் நீக்கி, கழுவிக் களத்தில் கொட்டியவுடன் மறுபடி ஒன்று. காயப்போட்ட காப்பி நனைந்தால் பூஞ்சை பிடிக்கும், விலை போகாது, முதலாளிக்குப் பதில் சொல்ல வேண்டும். ராத்திரி தூறல் சத்தம் கேட்டால் டார்ச்சை எடுத்துக்கொண்டு ஓடுவார். அவருக்கு வேண்டியிருந்தது கஷாயம் இல்லை, தார்ப்பாய். தோட்டத்தில் கேட்டுப் பெரிய தார்ப்பாய் இரண்டு கூடுதலாக வாங்கினார்கள். அந்தத் தை மாதமே வரிகள் மூன்றுக்கு வந்துவிட்டன. ஜவ்வரிசி காயப்போடுகிறவர்கள், நெசவுக்குப் பாவு நீட்டுகிறவர்கள், செங்கல் அறுக்கிறவர்கள் எல்லாரும் வானத்தை எழுதும்போது பக்கத்திலேயே அன்றைக்கு வெளியில் என்ன கிடந்தது என்பதையும் எழுதுங்கள்.

நல்ல நாளையும் விடாமல் எழுதுங்கள். பங்குனியில் பூ மழை பெய்து எட்டு, பத்து நாளில் காப்பிச்செடி மொத்தமும் ஒரே சமயத்தில் வெள்ளையாகப் பூக்கும், மலை முழுக்க மல்லிகை மாதிரி மணக்கும். அந்த மூன்று நாளும் என் நோட்டில் ஐந்துதான். அதற்கு யாரும் காரணம் தேடுவதில்லை.

வானத்தின் மேல் பழி போடக் கூடாத நேரம்

நோட்டு ஆரம்பித்த முதல் வருஷம், மூட்டம் விலகி மாசி வெயில் வந்தபிறகும் என் மனசு இரண்டிலேயே கிடந்தது. உடம்பு கனம், முடி கொட்டியது, எதைக் கேட்டாலும் அழுகை. ஏற்காட்டுக் குளிர் உடம்பில் ஏறிவிட்டது என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். பங்குனியில் செவ்வாய்ப்பேட்டைக்குப் போய், ஊரே விசிறிக்கொண்டிருந்தபோது போர்வை கேட்டேன். அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். "கண்ணு, இது மலைக் குளிர் இல்ல. டாக்டரைப் பாரு." ரத்தம் எடுத்துப் பார்த்தால் தைராய்டு சுரப்பு குறைவு. மாத்திரை ஆரம்பித்துச் சில மாதத்தில் வரிகள் மூன்றுக்கு ஏறின. அதற்கு முன்னால் நான் போட்ட டீயும் நடந்த நடையும் எதற்குமே உதவவில்லை என்று நோட்டே காட்டுகிறது.

ஆகவே: வானம் மாறியும் மனசு மாறாமல், தொடர்ந்து இரண்டு வாரம் ஒன்றும் இரண்டுமாக வந்தால் வானிலையை விட்டுவிட்டு டாக்டரிடம் போங்கள். நோட்டையும் கொண்டுபோங்கள், பேசுவதற்கு லேசாக இருக்கும். உயிரை விட்டுவிடலாம் போல் ஒரு நாள் தோன்றினாலும் இரண்டு வாரக் கணக்கெல்லாம் கிடையாது. உடனே பக்கத்தில் ஒருவரிடம் சொல்லுங்கள், 14416க்குப் போன் செய்யுங்கள். டெலி மானஸ் என்ற அரசு உதவி எண் அது, 2022இல் வந்தது. இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம், காசு கிடையாது.

மனநலத்துக்கு ஏற்கெனவே மாத்திரை எடுப்பவர்கள் கோடை தொடங்கும் முன் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவையுங்கள். சில மாத்திரைகள் வேர்வையைக் குறைக்கும், உடம்பு குளிர வழியில்லாமல் போகும். லித்தியம் எடுப்பவர்களுக்கு உடம்பில் நீர் குறைந்தால் ரத்தத்தில் மருந்தின் அளவு ஏறிவிடும். வெயில் என்று நீங்களாக மாத்திரையை நிறுத்தவும் கூடாது.

எழுத வராதவர்களுக்கு, அம்மாவின் முறை: அடுப்பங்கரை ஜன்னலில் இரண்டு டம்ளர். நல்ல நாளுக்கு ஒன்றில் ஒரு புளியங்கொட்டை, கெட்ட நாளுக்கு மற்றதில் ஒரு கூழாங்கல். போன வருஷம் சித்திரை முடிந்து கொட்டி எண்ணினால் கல் மட்டும் 19. கரண்ட் போன ராத்திரிகளை அம்மா காலண்டரில் சுழித்து வைத்திருந்தார். ஒத்துப் பார்த்தால் பெரும்பாலான கல் அதற்கு மறுநாள் போட்டது. ஃபேன் நின்றால் அம்மா விடியும்வரை திண்ணையில்தான். அக்காவும் நானும் பணம் போட்டு ஒரு இன்வெர்ட்டர் மாட்டிக்கொடுத்தோம். இந்தச் சித்திரையில் கல் ஏழு. அதில் மூன்று, நான் போய்த் தங்கியிருந்த நாட்கள்.